இணையக் கடை விற்பனையும் சங்கத்துப் பேரேடும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. வைகைக் கரையில் வாழும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. செல்லூரிலும் கிருஷ்ணாபுரம் காலனியிலும் கைத்தறி நகரிலும் நெய்தெடுக்கும் துணியும், உசிலம்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் வட்டாரங்களில் விளையும் பூவும் பிற விளைபொருள்களும் இன்று வைகையினும் அகன்றதோர் ஆற்றை நாடிச் செல்கின்றன. இணைய வாணிகமே அந்த ஆறு. அதில் போடும் சரக்கை அளந்து போடுகிறோமா, அதிலிருந்து திரும்பி வரும் பணத்தை அளந்து எடுக்கிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

நெசவாளர் சங்கங்களுக்கு வெளியூர் விற்பனை புதிதன்று. 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், தொடக்கச் சங்கங்களின் துணிகளைக் கொள்முதல் செய்து, தன் விற்பனை நிலையங்களின் வழியே நாடெங்கும் விற்று வருகிறது. இணையத்திலும் தனக்கென ஒரு கடையை நடத்துகிறது. தமிழ்நாடு கூட்டுறவுத் துறை 2023-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களின் பொருள்களுக்கென ஒரு செயலியைத் தொடங்கியது. தனியார் நடத்தும் பெரிய இணையச் சந்தைகளும் உள்ளன. 2005-இல் மதுரைச் சுங்குடிக்கும் 2013-இல் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், இப்பெயர்களைக் கேட்டு வாங்குவோர் தொலைதூர நகரங்களிலும் இருக்கின்றனர். ஆகவே சங்கங்கள் இத்துறையில் இறங்குவது இயல்பே, வரவேற்கத் தக்கதுமாகும்.

ஆனால் விற்பனை ஓடுகின்ற வேகத்திற்குக் கணக்கு ஓடுவதில்லை. கடையில் விற்ற சேலைக்குப் பட்டியல் எழுதி, மாலையில் ரொக்கத்தை எண்ணி, நாளேட்டில் வரவு வைத்துப் பழகிய கணக்கர், இணையச் சந்தை அனுப்பும் நீண்ட கோப்பைக் கண்டு திகைக்கிறார். நூறு வரிகளும் நாற்பது பத்திகளும் கொண்ட அக்கோப்பைக் கணக்கு மென்பொருளில் எங்ஙனம் ஏற்றுவது? ஏற்றாமலே, வங்கியில் வந்த தொகையை மட்டும் விற்பனை என்று எழுதிவிட்டால் என்ன? சங்கங்கள் தோறும் எழுகின்ற இவ்விரு கேள்விகளுள் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் தீங்கு முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

மண்டிப் பட்டியலை நினைவு கொள்க

பயிர்த் தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். கீழமாசி வீதி மண்டிக்கு ஒருவர் பயறு மூட்டைகளை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டிக்காரர் அவற்றை விற்று, தரகு, இறக்குகூலி, எடைகூலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். கையில் வந்த மீதிதான் பயற்றின் விலை என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, எதற்கு எவ்வளவு கழிந்தது என்று பட்டியலை வரிவரியாகப் படித்துப் பார்த்த பின்னரே அவர் மண்டியை விட்டு நகர்வார்.

இணையச் சந்தையும் ஒரு மண்டியே. அது வாங்குவோரிடமிருந்து முழு விலையையும் பெறுகிறது. தன் கமிஷனையும் அனுப்புகூலியையும் அவற்றின் மீதான வரியையும் கழிக்கிறது. அரசின் சட்டப்படி வேறு இரு பிடித்தங்களையும் செய்கிறது. திரும்பி வந்த சரக்கின் விலையை வாங்கியவருக்கே கொடுத்துவிடுகிறது. எஞ்சியதைச் சில நாள் கழித்து வங்கியில் செலுத்துகிறது. உழவர் மண்டியில் செய்யாத பிழையைச் சங்கம் இணையத்தில் செய்யலாமா?

ஒரு மாதக் கணக்கு

எண்களைக் கொண்டு பார்த்தால் உண்மை தெளிவாகும். கீழ்வருவது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கு. கமிஷன் வீதமும் அனுப்புகூலியும் சந்தைக்குச் சந்தை மாறும்.

வரிப் பதிவு பெற்ற ஒரு சங்கம் ஒரு மாதத்தில் இணையச் சந்தை வழியே 100 பருத்திச் சுங்குடிச் சேலைகளை அனுப்புகிறது. சேலையின் விலை ரூ. 1,000, அதன் மீது 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 50, வாங்குவோர் கொடுப்பது ரூ. 1,050. நூற்றில் 10 சேலைகள் திரும்பி வந்துவிடுகின்றன. கமிஷன், நிலைத்த விற்பனையில் 10 சதவீதம். அனுப்புகூலி, போவதற்கும் திரும்புவதற்கும் பொட்டலத்திற்கு ரூ. 60 என்று கொள்வோம்.

வாங்குவோர் கொடுத்தது: ரூ. 1,05,000
திரும்பிய சேலைகளுக்காகக் கழிந்தது: ரூ. 10,500
நிலைத்த விற்பனை, வரி உட்பட: ரூ. 94,500
கமிஷன்: ரூ. 9,450
அனுப்புகூலி, 110 பொட்டலங்களுக்கு: ரூ. 6,600
இவ்விரண்டின் மீது 18 சதவீத வரி: ரூ. 2,889
சரக்கு சேவை வரிச் சட்டப்படி சந்தை வசூலித்தது, ரூ. 90,000-க்கு 0.5 சதவீதம்: ரூ. 450
வருமான வரிச் சட்டப்படி பிடித்தது, ரூ. 90,000-க்கு 0.1 சதவீதம்: ரூ. 90
வங்கியில் வந்தது: ரூ. 75,021

இறுதி இரு பிடித்தங்களைப் பற்றி ஒரு சொல். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் கீழ் இணையச் சந்தை நடத்துவோர் மூலத்தில் வரி வசூலிக்கும் முறை 2018 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 1 சதவீதமாக இருந்த வீதம் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாயிற்று. வருமான வரிப் பிடித்தம் 2020 அக்டோபர் 1-இல் தொடங்கி, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமாகக் குறைந்தது. இவை செலவு அல்ல. சங்கத்தின் பெயரில் அரசிடம் சென்று சேர்ந்திருக்கும் சங்கத்துப் பணம். முன்னதைச் சங்கம் வரித் தளத்தில் கேட்டு ஏற்றுக்கொண்டால் அதன் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். பின்னதை வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது கோரலாம்.

இப்பொழுது, வங்கியில் வந்த ரூ. 75,021-ஐயே விற்பனை என்று எழுதிய கணக்கர் செய்ததைப் பார்ப்போம். அவர் கமிஷன் மீதும் கூலி மீதும் சங்கம் செலுத்திய ரூ. 2,889 உள்ளீட்டு வரியைக் கோரவில்லை. மூலத்தில் பிடிபட்ட ரூ. 450-ஐயும் ரூ. 90-ஐயும் கோரவில்லை. ஆக ரூ. 3,429 ஒரே மாதத்தில் பேரேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. அதே வேளையில், ரூ. 75,021-க்குள் அடங்கிய வரி என்று சுமார் ரூ. 3,572-ஐ மட்டும் கணக்கிட்டு, செலுத்த வேண்டிய ரூ. 4,500-இல் ரூ. 928 குறைத்துக் காட்டியிருக்கிறார். சந்தை நடத்துவோர் தம் மாத அறிக்கையில் இச்சங்கத்தின் நிகர விற்பனை ரூ. 90,000 என்று அரசுக்குத் தெரிவிக்கின்றனர், சங்கமோ ரூ. 71,449 என்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் அருகருகே நிற்கும்பொழுது விளக்கம் கேட்டு அறிவிப்பு வருவதில் வியப்பென்ன?

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. ரூ. 75,021-ஐ 90 சேலைகளுக்குப் பகுத்தால் சேலைக்குச் சுமார் ரூ. 833 வருகிறது. "நம் சுங்குடி இணையத்தில் ரூ. 833-க்குத்தான் போகிறது, இந்த விலையில் கூலியை எப்படி உயர்த்துவது?" என்று நிர்வாகக் குழு பேசத் தொடங்கிவிடும். உண்மையில் சேலை ரூ. 1,000-க்குப் போயிருக்கிறது. விற்கும் செலவு நிலைத்த சேலை ஒன்றுக்குச் சுமார் ரூ. 178 ஆகியிருக்கிறது. அச்செலவில், திரும்பிய பத்துச் சேலைகளுக்குப் போகவும் வரவும் கொடுத்த கூலி மட்டும் ரூ. 1,200. சாயத்தின் நிறத்தைப் படத்தில் உள்ளபடி காட்டி, நீளத்தையும் முந்தானையையும் தெளிவாக எழுதினால் இந்த ரூ. 1,200-இல் ஒரு பகுதியேனும் மிஞ்சும். தவறான கணக்கு கூலியின் மீது கை வைக்கச் சொல்கிறது. சரியான கணக்கு திரும்பும் சரக்கின் மீது கண் வைக்கச் சொல்கிறது. தறியில் அமர்ந்திருப்பவருக்கும், முடிச்சிட்டுப் புள்ளி வைப்பவருக்கும் இவ்வேறுபாடு சிறியதன்று.

சந்தைக்கு ஒரு பேரேட்டுக் கணக்கு

பிழைக்கு மாற்று, பழைய இரட்டைப் பதிவு முறையிலேயே இருக்கிறது. சங்கத்தின் பேரேட்டில் ஒவ்வோர் இணையச் சந்தைக்கும் தனியாக ஒரு பற்றாளர் கணக்கைத் திறக்க வேண்டும். சேலை அனுப்பப்பட்ட நாளில் அச்சந்தைக் கணக்கில் முழுத்தொகையைப் பற்றெழுதி, விற்பனைக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் வரவு வைக்க வேண்டும். பணம் வந்த நாளில் வங்கி, கமிஷன், அனுப்புகூலி, உள்ளீட்டு வரி, இருவகைப் பிடித்தங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பற்றெழுதி, சந்தைக் கணக்கை வரவு வைத்துக் குறைக்க வேண்டும். திரும்பிய சரக்குக்கு வரவுச் சீட்டு எழுதி அதையும் அக்கணக்கிலேயே நேர் செய்ய வேண்டும்.

இவ்வாறு செய்தால், எந்த நாளிலும் சந்தைக் கணக்கில் எஞ்சி நிற்கும் தொகை, அனுப்பிய சரக்குக்கு இன்னும் வந்து சேராத பணமாகவே இருக்கும். எஞ்சியதற்குக் காரணம் சொல்ல இயலவில்லை எனில் எங்கோ ஓர் ஆர்டர் விடுபட்டிருக்கிறது. அல்லது இருமுறை ஏறியிருக்கிறது. அல்லது சந்தை கூடுதலாகப் பிடித்திருக்கிறது. அனாமத்துக் கணக்கில் தள்ளி வைக்கும் வழக்கத்திற்கு இங்கே இடமில்லை.

ஆண்டு முடிவில் இதன் பயன் மேலும் விளங்கும். மார்ச் 30-இல் அனுப்பிய சேலைக்கு ஏப்ரல் 7-இல் பணம் வருகிறது. விற்பனை எந்த ஆண்டைச் சேரும்? சேலை அனுப்பிய ஆண்டையே சேரும். வங்கியைப் பார்த்து எழுதும் சங்கத்தில் அது மறு ஆண்டிற்குத் தாவிவிடும். அவ்வாண்டின் இலாபமும், இலாபத்தைக் கொண்டு கணக்கிடும் போனஸும் பங்காதாயமும் அந்த அளவுக்குக் குறையும்.

கோப்பை ஏற்றும் முறை

இனி முதற் கேள்விக்கு வருவோம். நம் நாட்டுச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் வழங்கும் டேலி மென்பொருள், 1986-இல் தொடங்கப்பெற்ற பெங்களூரு நிறுவனத்தின் ஆக்கம்; அதன் அண்மைப் பதிப்புகள் எக்செல் கோப்பிலிருந்தே பதிவுகளை ஏற்றிக்கொள்கின்றன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் கொண்ட சோஹோ நிறுவனத்தின் கணக்கு மென்பொருளும் அவ்வாறே கோப்புகளை ஏற்கிறது. மென்பொருள் எதுவாயினும் வேலையின் ஒழுங்கு ஒன்றே.

முதலாவது, எந்தக் கோப்பு எதற்கு என்று அறிதல் வேண்டும். இணையச் சந்தைகள் பொதுவாக மூவகை அறிக்கைகளைத் தருகின்றன: ஆர்டர் அறிக்கை, வரி அறிக்கை, பணம் தீர்த்த அறிக்கை. விற்பனையையும் திரும்பிய சரக்கையும் வரி அறிக்கையிலிருந்து ஏற்றுக. கமிஷனையும் கூலியையும் பிடித்தங்களையும் பணம் தீர்த்த அறிக்கையிலிருந்து ஏற்றுக. ஆர்டர் அறிக்கையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துக; ஏனெனில் அதில் அனுப்பும் முன்னரே கைவிடப்பட்ட ஆர்டர்களும் இருக்கும்.

இரண்டாவது, பெயர்கள் ஒன்றாய் இருத்தல் வேண்டும். ஓர் இடத்தில் "சுங்குடி சிவப்பு" என்றும் மற்றோர் இடத்தில் "சுங்குடி சிகப்பு" என்றும் இருந்தால், மனிதர் கண்ணுக்கு ஒரே சேலை. மென்பொருளுக்கு இரண்டு சரக்குகள். ஒன்றின் இருப்பு குறையாமல் நிற்கும். மற்றொன்று இல்லாத இருப்பிலிருந்து விற்றதாகக் காட்டும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீட்டை அமைத்து, சரக்குப் பதிவேட்டிலும் இணையக் கடையிலும் மென்பொருளிலும் அதையே வழங்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய அட்டையை இணைத்த முறையைப் பலர் அறிவர். குறியீட்டில் தறி எண்ணையும் சேர்த்துக்கொண்டால், எவர் நெய்த சேலை எந்த ஊருக்குப் போயிற்று என்று சங்கமே சொல்ல இயலும்.

மூன்றாவது, கோப்பை எக்செல்லில் திறந்ததும் கவனிக்க வேண்டியவை சில உள. பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எக்செல் முழுமையாக வைத்துக்கொள்வதில்லை. எஞ்சிய இலக்கங்களைச் சுழியாக்கிவிடும். எண்ணின் முன்னே நிற்கும் சுழிகளையும் விழுங்கிவிடும். நீண்ட ஆர்டர் எண்கள் இவ்வாறு சிதைந்தால் பிறகு ஒப்பு நோக்க வழியில்லை. எனவே அப்பத்தியை எண்ணாக அன்றி எழுத்தாகப் படிக்கும்படி முன்னரே அமைக்க வேண்டும். தேதியிலும் தவறு நேரும்: 05/04 என்பது ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால், கோப்பை யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கவில்லை என்று அறிக.

நான்காவது, வாங்குவோரின் மாநிலம். சென்னைக்குப் போன சேலையின் ரூ. 50 வரி, மத்திய வரி ரூ. 25, மாநில வரி ரூ. 25 என்று பிரியும். பெங்களூருக்குப் போன சேலையின் ரூ. 50 முழுவதும் ஒருங்கிணைந்த வரியாகும். மாநிலப் பத்தியை விட்டுவிட்டு ஏற்றினால் மொத்தம் சரியாக இருந்தும் வரிக் கணக்கு தவறாகிவிடும்.

ஐந்தாவது, இருமுறை ஏற்றாமை. மின்சாரம் நின்று ஏற்றம் பாதியில் நின்றதோ, முடிந்ததோ என்ற ஐயத்தில் மறுபடியும் அதே கோப்பை ஏற்றுவது எளிதில் நேரக்கூடியது. விற்பனை இரட்டிப்பாகும், வரியும் இரட்டிப்பாகும். ஆர்டர் எண்ணையோ பட்டியல் எண்ணையோ பதிவு எண்ணாக வைத்து, ஒரே எண் இருமுறை வருவதைத் தடுக்கும் வசதியை மென்பொருளில் இயக்கி வைத்தல் வேண்டும். ஏற்றுமுன் காப்புப்படி எடுத்து, முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்து, சரியெனக் கண்ட பின் மீதியை ஏற்றுக. எந்தத் தேதி வரை ஏற்றியாயிற்று என்பதை ஒரு சாதாரண நோட்டில் கையெழுத்திட்டு எழுதி வைப்பதும் நன்று. இதற்குக் கணினி தேவையில்லை.

பூவிற்கு ஒரு கணக்கு, துணிக்கு ஒரு கணக்கு

திரும்பிய சேலை சங்கத்திற்கு வந்து, மடிப்பு கலையாமல் இருந்தால் அது மீண்டும் சரக்கிருப்பில் சேரும். கறைபட்டோ கிழிந்தோ வந்தால் நட்டத்தில் சேரும். பொருளைப் பெறும்பொழுது பணம் தருவதாகச் சொன்னவர் கதவைத் திறவாமற் போக, பொட்டலம் அப்படியே திரும்புவதும் உண்டு. மென்பொருளில் இம்மூன்றுக்கும் ஒரே பதிவு போடலாகாது. வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர் எழுதும் குறிப்பைக் கொண்டே கணக்கர் பதிய வேண்டும்.

பூ விற்போர் நிலை வேறு. வாடிய பூவை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. பணத்தை மட்டும் திரும்பக் கேட்கின்றனர். அங்கே விற்பனை குறையும். ஆனால் சரக்கு திரும்பாது. துணிக்கு ஏற்படுத்திய முறையையே பூவிற்கும் வைத்தால், இல்லாத மல்லிகை கிடங்கில் இருப்பதாகப் பேரேடு சொல்லும்.

வரியிலும் வேறுபாடு உண்டு. புதிய மலருக்குச் சரக்கு சேவை வரி இல்லை. எனவே அதன் விற்பனையில் அவ்வரிச் சட்டப்படியான மூல வசூலும் இல்லை. அவ்வசூல் வரிக்குரிய விற்பனைக்கே உரியது. வருமான வரிப் பிடித்தமோ வரியற்ற சரக்கென்று விலகி நிற்பதில்லை. வெல்லத்தை எடுத்துக்கொண்டால், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட வெல்லம் 2022 ஜூலை 18-இல் வரிக்குள் வந்தது. ஒரே ஆலையில் காய்ச்சிய வெல்லம், உதிரியாக விற்பதும் பொட்டலத்தில் விற்பதும் இரு வேறு சரக்குகளாகப் பேரேட்டில் நிற்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். பல பொருள் விற்கும் சங்கம், ஒவ்வொரு பொருளின் வரி நிலையையும் மென்பொருளில் முதலிலேயே அமைத்து, தணிக்கையாளரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுதல் நலம்.

மாதம் ஒரு நாள்

இவ்வளவும் செய்த பின்னர், மாதத்தில் ஒரு நாளை ஒப்பு நோக்குவதற்கென ஒதுக்க வேண்டும். சந்தை நடத்துவோர் தம் மூல வசூல் அறிக்கையை மறு மாதம் 10-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் சங்கத்தின் விற்பனை அறிக்கைக்கு உரிய நாள் 11. ஆகவே 8, 9 தேதிகளிலேயே சங்கத்தின் எண்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மூன்று எண்களை ஒரே தாளில் எழுதுக: நம் பேரேட்டின்படி நிகர விற்பனை, சந்தையின் அறிக்கைப்படி நிகர விற்பனை, நாம் அரசுக்குத் தெரிவிக்கும் விற்பனை. மூன்றும் ஒத்திருந்தால் தாளில் செயலாளர் கையெழுத்திட்டு வைக்கலாம். ஒவ்வாவிடில் எந்த ஆர்டர் என்று கண்டு, காரணத்தை அதே தாளில் எழுதுக. சந்தை கூடுதலாகப் பிடித்த கூலியைத் திரும்பக் கேட்பதற்கும் இத்தாளே சான்றாகும். முறையீட்டிற்குச் சந்தைகள் காலவரம்பு வைத்திருப்பதால் தாமதம் நட்டமாகும்.

சந்தையின் தளத்திலிருந்து இறக்கிய மூலக்கோப்புகளைத் திருத்தாமல் மாதவாரியாகச் சேமித்து வைத்தல் வேண்டும். சரக்கு சேவை வரிச் சட்டம், ஆண்டறிக்கைக்குரிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கச் சொல்கிறது. அத்தளங்களோ பழைய அறிக்கைகளை எக்காலமும் வைத்திருப்பதாக வாக்களிப்பதில்லை. தளத்தில் நுழையும் கடவுச்சொல்லும், அதற்கு வரும் குறுஞ்செய்தி எண்ணும் ஒரு தனி ஊழியரின் கைப்பேசியில் மட்டும் இருத்தல் தகாது. அவர் விடுப்பில் சென்றாலும் வேலையை விட்டு நீங்கினாலும் சங்கத்தின் கடை பூட்டிய கடையாகிவிடும். பொட்டலம் கட்டி அனுப்புபவர் ஒருவரும் கணக்கில் பதிபவர் மற்றொருவருமாக இருத்தல், கூட்டுறவில் நெடுங்காலமாக நாம் போற்றி வரும் நல்லொழுங்கு. அது கணினி வந்ததால் மாறவில்லை.

எல்லாச் சங்கங்களும் உடனே கோப்பேற்றத்தில் இறங்க வேண்டுமா? வேண்டியதில்லை. மாதம் இருபது, முப்பது ஆர்டர்கள் மட்டும் வரும் சங்கம் ஒவ்வொன்றையும் கையாலேயே பதியலாம். பதியும்போதே பிழையும் கண்ணில் படும். நூறைத் தாண்டும்பொழுது கைப்பதிவில் தவறு மிகும். அப்பொழுது கோப்பேற்றம் உதவும். ஆனால் கையாற் பதிந்தாலும் கோப்பால் ஏற்றினாலும், முழு விற்பனையும் முழுக் கழிவும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்ற விதிக்கு விலக்கில்லை. தொகுத்துப் பதிய விரும்புவோர் நாள்வாரியாகத் தொகுக்கலாம். மாநிலத்தையும் வரி வீதத்தையும் கலந்து தொகுத்தலாகாது.

கணக்கு எவருக்காக?

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் இருபத்தெண்மர் தொடங்கிய சங்கத்தை உலகக் கூட்டுறவாளர் அனைவரும் முன்னோடியாகக் கொள்கின்றனர். கணக்குகளையும் ஐந்தொகையையும் அங்கத்தினர் முன் அடிக்கடி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் தம் விதிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். கணக்கு தணிக்கையாளருக்காக மட்டும் எழுதப்படுவதன்று என்பதே அதன் கருத்து.

நம் நாட்டிலும் கணினி கூட்டுறவின் அடிவாரம் வரை வந்துகொண்டிருக்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பிலான திட்டத்திற்கு 2022 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கடன் சங்கத்திற்குப் பொதுவான கணக்கு முறை ஒன்றை அத்திட்டம் அளிக்கிறது. இணையத்தில் விற்கும் நெசவாளர் சங்கமும் விளைபொருள் சங்கமும் தமக்கேற்ற முறையைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டம் பெற்ற அங்கத்தினர் பிள்ளைகள் பலர் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு இவ்வேலையைப் பயிற்றுவித்து, சங்கக் கணக்கரோடு இணைத்துவிட்டால் செலவும் அதிகமாகாது.

நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லி முடிப்போம். சென்ற மாதத்தில் இணையச் சந்தையிலிருந்து வங்கிக்கு வந்த ஒரு தொகையை எடுத்துக்கொள்க. அது எத்தனை ஆர்டர்களுக்கு உரியது, வாங்கியவர் கொடுத்தது எவ்வளவு, எதற்கெதற்கு எவ்வளவு கழிந்தது, பிடித்த வரி வரவில் வந்துவிட்டதா என்று கணக்கரைக் கேளுங்கள். ஒரு தாளில் விடை வந்துவிட்டால் உங்கள் பேரேடு செம்மையாக இருக்கிறது. வரவில்லையெனில் அந்த ஒரு தொகையிலிருந்தே பணியைத் தொடங்குங்கள். பொதுக்குழுவில் ஒரு நெசவாளர் எழுந்து, "என் தறியில் இறங்கிய சேலை என்ன விலைக்குப் போயிற்று?" என்று கேட்பாரானால், அதற்கு ஐயமற விடை சொல்லும் கடமை சங்கத்திற்கு உண்டு.